பெட்டிகளை விட்டுவர மறுத்தவர்

எங்கள் தெரு மிலிட்டரி தாத்தா சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் ரயில் கதைதான் என்று நாங்கள் பையன்கள் முடிவு கட்டி வைத்திருந்தோம். பட்டாபிராமில் தெருவுக்கு ஒரு மிலிட்டரி தாத்தா உண்டு. ஆவடியைச் சுற்றி டிப்போ, டேங்க் ஃபேக்டரி, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். என்று பாதி ஊர் காக்கியும் பச்சையுமாகத்தான் வளர்ந்தது. எங்கள் ஊருக்கு வரும் மின்சார ரயிலுக்கே பெயர் ‘மிலிட்டரி சைடிங்’. யுத்த காலத்தில் டிப்போவுக்குச் சரக்கு ஏற்றிப்போகப் போட்ட கிளைப்பாதை. ஆவடி என்ற பெயரே ஏதோ ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கோவை என்று பள்ளியில் ஒரு வாத்தியார் சொல்லித் தந்தார். கவச வாகனம், வெடிமருந்து, டிப்போ என்று விரித்தும் காட்டினார். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஊர்ப் பெயருக்கு ஏற்ற மாதிரி யாரோ பிறகு உட்கார்ந்து பொருத்தியது போலத்தான் இருக்கிறது.

தாத்தா ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டன்ட்டாக இருந்தவர். அறுபதுகளில் ஆக்ராவில் கொஞ்ச காலம். திண்ணையில் ஈஸி சேர் போட்டு உட்கார்ந்துகொண்டு, சைடிங் வண்டி ஹார்ன் கேட்டால் சரியாக ஆரம்பிப்பார்.

“எங்க யூனிட்டு ஒரு ரயிலையே கெளப்பிகினு வந்துச்சு, தெரியுமாடா? கொரியாவுல. சீனாக்காரன் பின்னாடியே வர்றான். டாக்டர் சாப் சொல்லிட்டாரு, பெட்டிங்கள உட்டுட்டு ஒருத்தனும் வரக்கூடாதுன்னு.”

“டாக்டருக்கு ரயில் ஓட்டத் தெரியுமா தாத்தா?”

“போடா. ஒன்கிட்ட சொன்னேம் பாரு.”

அந்த டாக்டர் சாப் நம்ம ஊர்க்காரர், ஆற்காட்டுக்காரர் என்றும் சொல்வார். அது பொய்க்கு ஒட்டுப்போட்ட இன்னொரு பொய் என்று நினைத்தோம். தாத்தா போய்ச் சேர்ந்து பல வருஷங்கள் கழித்து, 2020 ஜூலையில், ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னச் செய்தி கண்ணில் பட்டது. தென் கொரிய அரசு, கொரியப் போரின் எழுபதாம் ஆண்டை ஒட்டி, அந்த மாதத்தின் போர் நாயகராக ஓர் இந்தியரைத் தேர்ந்தெடுத்திருந்தது. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். ராணுவ மருத்துவர், பாராசூட் வீரர், மகாவீர் சக்ரா பெற்றவர். அந்த ‘ஏ’ ஆற்காடு.

நான் லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

*

ரங்கராஜின் பெயர் முதலில் வருவது ஓர் எளிய பட்டியலில்: இந்தியர்களில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்தவர்கள். அதில் இரண்டே பேர். லெப்டினன்ட் ரங்கராஜ், ஹவில்தார் மேஜர் மதுரா சிங். 1941 அக்டோபர், கராச்சி. கிரேக்கத் தீவான கிரீட்டை ஜெர்மானியர்கள் அந்த வருஷம் மே மாதம் வானிலிருந்து இறங்கிப் பிடித்திருந்தார்கள். அதைப் பார்த்துத் திகைத்துப்போன எல்லா ராணுவங்களும் எங்களுக்கும் பாராசூட் படை வேண்டும் என்று அவசரப்பட்ட காலம். இந்தியாவில் 50வது பாராசூட் பிரிகேடு உருவானது. அதில் மூன்று பட்டாலியன்கள்: 151 பிரிட்டிஷ், 152 இந்தியர், 153 கூர்க்கா. ரங்கராஜ் 152க்கு மருத்துவ அதிகாரி. இந்திய மருத்துவப் பணியிலிருந்து வந்த இளம் டாக்டர்.

விமானம் வேலன்ஷியா. இரட்டை இறக்கை வைத்த கிழட்டு வண்டி. பக்கவாட்டுக் கதவு வழியாகக் குதிப்பது அப்போது இல்லை. தரையில் வெட்டிய ஓட்டையின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, அப்படியே நழுவ வேண்டும். கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் எதிர் விளிம்பில் மூக்கு உடையும். கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் முதுகுச் சுமை இடிக்கும். விமானத்தோடு கட்டிய கயிறு இழுபட்டுப் பாராசூட் தானே விரிய வேண்டும். விரியும் என்று நம்ப வேண்டியதுதான்.

பட்டாலியன் டாக்டர் குதிக்க வேண்டும் என்று யாருக்கு முதலில் தோன்றியதோ தெரியவில்லை, நல்ல யோசனை. எதிரிப் பக்கத்தில் இறங்குகிறவனுக்கு ரோடு வழியாக ஆம்புலன்ஸ் வண்டி வராது. அவனோடு சேர்ந்து இறங்குகிற டாக்டர்தான் அவனுக்கு டாக்டர். அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. குதிக்கப் பயப்படுகிற சிப்பாயிடம் “உனக்கு ஒன்றும் ஆகாது” என்று சொல்கிற ஆள் முதலில் குதித்துக் காட்டியிருந்தால் பேச்சுக்கு எடை கூடும். ப்ரொடக்‌ஷனில் கைவைக்க எல்லோரும் பயப்படும் இரவில், ‘நானே பண்றேன்’ என்று கீபோர்டை வாங்கிக்கொள்கிற டீம் லீடை எங்கள் தொழிலிலும் அரிதாகப் பார்த்திருக்கிறேன். பெரிய ஒப்பீடு, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த பிரிகேடு 1944 மார்ச்சில் மணிப்பூர் மலையில் சாங்ஷாக் கிராமத்தில் ஜப்பானியரிடம் சிக்கியது. ஒரு வாரச் சண்டை. தண்ணீர் இல்லை, முள்கம்பி இல்லை, விமானத்திலிருந்து போட்ட பொருட்களில் பெரும்பகுதி எதிரிப் பக்கம் விழுந்தது. கடைசி இரவில் கலைந்து வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தபோது, நடக்க முடியாத காயம்பட்டவர்கள் நூறு பேர் அளவில் அங்கேயே விடப்பட்டார்கள். அந்த ஒரு வாரத் தாமதம்தான் கோஹிமாவையும் இம்பாலையும் காப்பாற்றியது என்று பின்னால் ஒப்புக்கொண்டார்கள். என் கவனம் போனது அந்த நூறு பேரிடம். இந்தியப் பாராசூட் படையின் முதல் பெரிய சண்டையில் அது கற்ற பாடங்களில் அதுவும் ஒன்று: பின்வாங்கும்போது எதை, யாரை விட்டுவிட்டு வருகிறோம்.

*

1950 ஜூன் 25 அன்று வட கொரியா 38வது இணைகோட்டைத் தாண்டியது. ஐ.நா. பாதுகாப்பு சபையில் அப்போது இந்தியா உறுப்பினர். பி.என். ராவ் பிரதிநிதி. ஆக்கிரமிப்பைக் கண்டித்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. ஆனால் சண்டைக்கு ஆள் அனுப்பமாட்டோம் என்றார் நேரு. சுதந்திரம் வாங்கி மூன்று வருஷம். காஷ்மீர்ச் சண்டை ஓய்ந்து ஒன்றரை வருஷம். சீனாவில் புது ஆட்சி. எந்தப் பக்கமும் சாயாமல் நிற்க வேண்டும், ஆனால் கைகட்டி நிற்பதாகவும் இருக்கக்கூடாது. இதற்குக் கண்டுபிடித்த விடைதான் ஒரு மருத்துவப் பிரிவு: 60வது பாரா ஃபீல்ட் ஆம்புலன்ஸ். தலைமை, லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ்.

ஆம்புலன்ஸ் என்றதும் சைரன் வைத்த வேன் மனசுக்குள் ஓடும். எனக்கும் அப்படித்தான் ஓடியது. ராணுவ மொழியில் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்பது வண்டி அல்ல, முந்நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட ஒரு நடமாடும் ஏற்பாடு. ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள், கட்டுப் போடுகிறவர்கள், மயக்க மருந்து கொடுக்கிறவர், சர்ஜன், பல் டாக்டர், சமையல்காரர், டிரைவர், முடிதிருத்துகிறவர் வரை. துப்பாக்கிச் சூட்டு முனையிலிருந்து காயம்பட்டவனை எடுத்து, ரத்தத்தை நிறுத்தி, யாருக்கு முதலில் கத்தி, யார் காத்திருக்கலாம் என்று பிரித்து, தாக்குப்பிடிக்கிற நிலைக்குக் கொண்டுவந்து, பின்னால் உள்ள ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. இந்த ஏற்பாட்டின் உயிர், பெட்டிகளில் இருக்கிறது. கருவிகள், கொதிக்கவைக்கும் பாத்திரங்கள், பிளாஸ்மா, பஞ்சு, கூடாரம், விளக்கு. பெட்டி போய்விட்டால் மீதி இருப்பது வெறுங்கையோடு நிற்கும் முந்நூறு நல்ல மனிதர்கள்.

இந்த இடத்தில் டெல்லிக்கும் பீக்கிங்குக்கும் நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் முடியாது. அக்டோபர் 3, 1950, நள்ளிரவு தாண்டிய நேரம். பீக்கிங்கில் இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரைப் படுக்கையிலிருந்து எழுப்பி அழைத்துப் போனார்கள். அமெரிக்கப் படை இணைகோட்டைத் தாண்டி வடக்கே வந்தால் சீனா சும்மா இருக்காது என்றார் சூ என்லாய். பணிக்கர் டெல்லிக்குச் சொன்னார், டெல்லி வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் சொன்னது. வாஷிங்டன் அதைப் பூச்சாண்டி என்று ஒதுக்கியது. படைகள் கோட்டைத் தாண்டின, பியோங்யாங்கைப் பிடித்தன, யாலு ஆற்றை நோக்கிப் போயின.

60வது பிரிவு பூசான் துறைமுகத்தில் இறங்கியது நவம்பர் 20. சீனர்களின் பெருந்தாக்குதல் ஆரம்பித்தது நவம்பர் 25. அதாவது இந்தியா யாரும் கேட்காத எச்சரிக்கையைச் சொன்னது. அது பலித்த வாரத்தில் இந்தியாவின் டாக்டர்களே அதன் பாதையில் போய் நின்றார்கள்.

*

ரயில் கதை இங்கேதான் வருகிறது.

டிசம்பர் முதல் வாரம். ஐ.நா. படைகள் பியோங்யாங்கைக் காலி செய்துகொண்டிருந்தன. போகும்போது பாலங்களைத் தகர்க்க வேண்டும், பொருட்களைக் கொளுத்த வேண்டும் என்று ஏற்பாடு. இந்தியப் பிரிவுக்குக் கொடுக்க லாரிகள் இல்லை. ஆட்கள் மட்டும் கிளம்புங்கள், பெட்டிகளை அழித்துவிடுங்கள் என்று உத்தரவு. இது கெட்ட உத்தரவு இல்லை. ஓடுகிற படையில் எல்லோருக்கும் அதே உத்தரவுதான்.

ரங்கராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு பெட்டிகள் எப்போது வரும்? இந்தியாவிலிருந்து கப்பலில், மாதக்கணக்கில். அதுவரை பிரிவு என்ன செய்யும்? ரயில்வே யார்டில் கேட்பாரற்று நின்ற ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் அவருடைய ஆட்கள் கண்டுபிடித்தார்கள். எஞ்சின் வேலை கொஞ்சம் தெரிந்தவர்கள் பிரிவுக்குள்ளேயே இருந்தார்கள். வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கைமாற்றி, கொதிகலனுக்குத் தண்ணீர் நிரப்பினார்கள். சாமான்கள் மொத்தத்தையும் ஏற்றினார்கள். வண்டி கிளம்பித் தெற்கே வந்தது. டேடாங் ஆற்றுப் பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னால் அதைக் கடந்தது.

ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நான் மெக்கானிக்கல் படித்தவன். வேலை சாஃப்ட்வேர் என்பது வேறு விஷயம், எங்கள் பேட்ச்சில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் கதி. கொதிகலன் பேப்பரில் நான் பாஸானது மயிரிழையில். ஆனாலும் இந்தக் கதையைப் படித்தபோது பழைய நோட்டு ஞாபகத்துக்கு வந்தது.

நீராவி எஞ்சின் சாவி போட்டுக் கிளப்புகிற சமாச்சாரம் இல்லை. ஆறிக் கிடக்கிற எஞ்சினில் நீராவி ஏற்றவே பல மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் குழாய்கள் ஒரே சீராகச் சூடாகாமல் மூட்டுகளில் கசியும். தண்ணீர் மட்டம் நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டுக்குக் கீழே இறங்கினால் தகடு பழுத்துப்போய்க் கொதிகலனே வெடிக்கும். நெருப்பு மூட்டுவதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் உள்ளே போயாக வேண்டும். கொதிகலன் ஒரு பக்கம், டெண்டர் தொட்டி ஒரு பக்கம். வாளிக்குப் பத்து லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிசம்பர் மாத வட கொரியாவில், கை நனைந்தால் விரல் விறைத்துப்போகும் குளிரில். அதுவும் பின்னாலிருந்து வருகிற படை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாத ஒரு நாளில்.

அதாவது இது ஒரு நொடியில் எடுத்த வீரமான முடிவு இல்லை. பல மணி நேரம் நீடித்த முடிவு. ஒவ்வொரு வாளிக்கும் ‘போதும், விட்டுட்டுப் போயிடலாம்’ என்று சொல்ல ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். பாராசூட்டில் குதிப்பவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை, நழுவிவிட்டால் நழுவியதுதான். முந்நூறு பேரும் வரிசையைக் கலைக்காமல் நின்றார்கள் என்பதுதான் எனக்குக் குதித்ததை விடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. திண்ணைத் தாத்தாவும் ஒருவேளை இதைத்தான் சொல்ல வந்திருப்பார். நாங்கள்தான் எஞ்சினை யார் ஓட்டியது என்பதிலேயே நின்றுவிட்டோம்.

*

பிறகு பிரிவு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி மேஜர் என்.பி. பானர்ஜி தலைமையில் டேகு நகரத்தில் கொரிய ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுமக்களுக்கும் வைத்தியம் பார்த்தது. அவருக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது. ரங்கராஜின் பகுதி 27வது காமன்வெல்த் பிரிகேடோடு முன்னணியில். பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், கனடாக்காரர், நியூசிலாந்துக்காரர் என்று கலந்து கிடந்த பிரிகேடு அது. 1951 ஏப்ரலில் காபியோங் பள்ளத்தாக்கில் ஆஸ்திரேலியரும் கனடாக்காரரும் சீனத் தாக்குதலைத் தடுத்து நிறுத்திய சண்டையில், காயம்பட்டவர்கள் வந்து சேர்ந்தது இந்தியர்களின் கூடாரங்களுக்கு. பியோங்யாங்கிலிருந்து வந்த பெட்டிகள் அங்கே திறந்து கிடந்தன.

அதற்கு ஒரு மாதம் முன்னால் ஆபரேஷன் டோமஹாக். 1951 மார்ச் 23, புனித வெள்ளி. சியோலுக்கு வடக்கே, இம்ஜின் ஆற்றை ஒட்டிய முன்சான்-நியில், பின்வாங்கும் எதிரிக்குப் பின்னால் இறங்கி வழியடைப்பது திட்டம். அமெரிக்காவின் 187வது வான்வழிப் படைப்பிரிவும் ரேஞ்சர்களுமாக 3,400 பேர் சுமார். காயம்பட்டவர்களைக் கவனிக்க அவர்களோடு குதித்தது ரங்கராஜ் தலைமையில் 12 இந்தியர்கள். டேகுவிலிருந்து கிளம்பிக் காலை ஒன்பது மணி வாக்கில் குதித்தார்கள். ஒரு பட்டாலியனின் முன்னோடி விமானம் எஞ்சின் கோளாறில் திரும்பிப்போக, பின்னால் வந்தவர்கள் தப்பான வயலில் இறங்கினார்கள். தளபதி ரிட்ஜ்வே ஒரு குட்டி விமானத்தில் வந்து ரோட்டிலேயே இறங்கிச் சுற்றிப் பார்த்தார். எதிர்பார்த்த எதிரிப் படையில் பெரும்பகுதி ஏற்கெனவே கம்பி நீட்டியிருந்தது. ராணுவக் கணக்கில் டோமஹாக் சுமாரான வெற்றிதான். அடுத்த நாட்களில் கிழக்கே மலைகளில்தான் 187க்கு நிஜமான சண்டை. இந்திய சர்ஜன்கள் அந்த நாட்களில் நூற்றுக்கும் மேல் அறுவை சிகிச்சைகள் செய்தார்கள்.

இதைப் படிக்கும்போது ஒரு கேள்வி உறுத்தியது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். அணிசேரா நாடு, சண்டைக்கு ஆள் அனுப்பாத நாடு, அதன் மருத்துவர்கள் அமெரிக்கத் தாக்குதல் படையோடு, அமெரிக்க விமானத்திலிருந்து, எதிரி முதுகில் குதிக்கலாமா? குதித்து இறங்கும் இடத்தில் பக்கம் சாராமை என்பது என்ன? சீனர்களுக்கு மேலே பார்த்தால் தெரிவது எல்லாம் ஒரே மாதிரிப் பாராசூட்கள்தானே. ஐ.நா. கொடியின் கீழ் என்று சட்டப்படி பதில் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. நேரு ஆசைப்பட்ட அந்த நடுநிலையான இடம் தரையில் இல்லவே இல்லை என்றுதான் தோன்றுகிறது. இருந்தது காயம்பட்டவனுக்கும் கத்திக்கும் நடுவே உள்ள தூரம். அதைக் குறைக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு படையோடு போயாக வேண்டும். ரங்கராஜ் போனார். அது சரியா தவறா என்று இன்றைக்கு ஏ.சி. ரூமில் உட்கார்ந்து எழுதுவது சுலபம், ஆகவே இதோடு விடுகிறேன்.

நடுநிலையின் விலையை அந்தப் பிரிவு வேறு விதமாகவும் பார்த்தது. 1953 ஜூலையில் போர்நிறுத்தம். சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்த 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை என்ன செய்வது என்பதில்தான் பேச்சு பல மாதம் இழுத்திருந்தது. அவர்களைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. ஜெனரல் திம்மய்யா ஆணையத்தின் தலைவர், ஜெனரல் தோரட் காவல்படையின் தளபதி. இந்தியச் சிப்பாய்கள் தன் மண்ணில் கால்வைக்கவே கூடாது என்று தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ பிடிவாதம் பிடித்தார். இஞ்சோன் கடலில் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கி, அப்படியே போர் விலக்கப் பகுதியில் இறக்கினார்கள். அந்த மண்ணில் மூன்று வருஷமாக ரத்தத்தில் முழங்கை நனைத்துக்கொண்டிருந்த 60வது பிரிவு, இப்போது அந்த ‘வேண்டாத’ காவல்படையோடு சேர்ந்து கைதிகளுக்கு வைத்தியம் பார்த்தது. கைதிகளோ இந்தியரைக் கண்டால் கல்லெறிந்தார்கள். இரு தரப்பும் சந்தேகப்பட்டன.

கடைசியில் 88 கைதிகள் இரண்டு கொரியாவும் வேண்டாம், இரண்டு சீனாவும் வேண்டாம் என்றார்கள். 1954 பிப்ரவரியில் திரும்பிய இந்தியப் படையோடு கப்பலில் வந்து அவர்கள் இறங்கிய துறைமுகம் சென்னை. இதை நான் எதிர்பார்க்கவேயில்லை. கொரிய எழுத்தாளர் சோய் இன்-ஹுன் 1960ல் எழுதிய ‘சதுக்கம்’ நாவலின் நாயகன் இப்படி ஒரு கைதி. நடுநிலை நாட்டுக்குப் போகும் கப்பலுக்கு நாவலில் தாகூர் என்று பெயர். அவன் கரை சேர்வதில்லை. நிஜத்தில் 88 பேர் சேர்ந்தார்கள். பிறகு பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். சென்னைத் துறைமுகத்தைத் தாண்டிக் கடற்கரை ரயிலில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்த 88 பேரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு கேட்டதில்லை.

60வது பிரிவும் அதே பிப்ரவரியில் திரும்பியது. 1955 மார்ச் 10 அன்று ஆக்ராவில் ராஜேந்திர பிரசாத் அதற்கு ஜனாதிபதி கோப்பை கொடுத்தார். அந்தக் கோப்பை வேறு எந்தப் பிரிவுக்கும் கொடுக்கப்படவில்லை.

*

பதக்கம் வாங்கிய ராணுவ அதிகாரியின் கதை இங்கே முடியும். முடிந்தால் தப்பில்லை. ஆனால் ரங்கராஜ் என்ற பெயர் எனக்கு இன்னொரு இடத்தில் கிடைத்தது, பெரியம்மை ஒழிப்பு வரலாற்றில்.

அறுபதுகளின் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் ஆப்கானிஸ்தானில் பெரியம்மையைத் துடைக்கக் கிளம்பியபோது, அங்கே அதன் மூத்த ஆலோசகராகப் போனவர் டாக்டர் ஆற்காடு ரங்கராஜ். ரோடு இல்லாத மலைகள். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பனி மூடிக்கொள்ளும் கணவாய்கள். பெண்களை அந்நிய ஆண்கள் பார்க்கக்கூடாது, ஆகவே ஊசி போடப் பெண்கள் வேண்டும். கொஞ்ச காலம் அமெரிக்கத் தன்னார்வலர் பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். எல்லாவற்றையும் விட வினோதமான எதிரி, பரம்பரையாகப் பழைய முறை ஊசி போடுகிறவர்கள். நோயாளியின் அம்மைப் பொருக்கை எடுத்து மற்றவர்கள் தோலில் கீறி ஏற்றுவார்கள். அதனால் சிலர் பிழைப்பார்கள், சில கிராமங்களுக்குப் புதிதாக அம்மை பரவும். அவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் கையிலிருந்த பொருக்கு டப்பாக்களை வாங்கி, பதிலுக்குத் தடுப்பூசி கொடுக்க வேண்டியிருந்தது. அங்கேயும் பெட்டிதான். உறைய வைத்து உலர்த்திய மருந்து, இரண்டு முனையுள்ள ஊசிகள், அதைச் சுமந்து மலையேறும் ஆட்கள். 1972ல் ஆப்கானிஸ்தானில் உள்நாட்டுப் பரவல் நின்றது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எல்லை தாண்டி வந்த தொற்று. 1980 மே மாதம் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

என் பாட்டி முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தது. என் அம்மா தோளில் ஊசித் தழும்பு உண்டு. எனக்கு இரண்டும் இல்லை. இந்தப் பட்டியலில் ரங்கராஜுக்கு ஒரு துளிப் பங்கு இருக்கிறது என்று கணக்கெழுதினால் மிகையாகாது.

‘அமரன்’ படம் வந்தபோது எங்கள் ஆபீஸில் ஒரு ஃப்ளோரே சேர்ந்து போனோம். மேஜர் முகுந்த் வரதராஜனை இன்று தெரியாதவர் யாரும் இல்லை, தெரிந்திருக்க வேண்டியதும்தான். ரங்கராஜை யாராவது படமெடுத்தால் டோமஹாக்கை எடுப்பார்கள் என்று நினைக்கிறேன். ஸ்லோ மோஷனில் பாராசூட் விரியும், பின்னணி இசை ஏறும். வாளி வரிசையை யாரும் எடுக்கமாட்டார்கள். எடுத்தாலும் முப்பது செகண்ட். பொருக்கு டப்பாவை நிச்சயம் எடுக்கமாட்டார்கள்.

கொரிய அரசு அவரை நாயகர் என்று அறிவித்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்தப் பிரிவு இருக்கிறது. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தில் இஸ்கெண்டருனுக்குப் போய் ஆஸ்பத்திரி போட்டது அதே 60வது பிரிவுதான். ஒரு துருக்கி அம்மா இந்தியப் பெண் ராணுவ மருத்துவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிடும் படம் உங்கள் ஃபோனிலும் வந்திருக்கும்.

போன மாசம் தாத்தா வீட்டுக்குப் போனேன். எனக்கு இப்போது வேலை பட்டாபிராமிலேயே, புதிதாக வந்த டைடல் பார்க்கில். அங்கிருந்து நடக்கிற தூரம். மருமகள் அக்காதான் இருந்தார். தாத்தாவின் ஆர்மி டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். கறுப்புத் தகரப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பரும் பெயரும் எழுதியது. சின்ன வயசில் அதன் மேல் ஏறி உட்கார்ந்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

“இருக்கே. கட்டிலுக்கடியில கெடக்கு. கொலு பொம்மையெல்லாம் அதுலதான் வெச்சிருக்கேன். பாக்கணுமா?”

குனிந்து ஒரு பக்கக் கைப்பிடியை இழுத்தேன். அசையவில்லை.

“ஒருத்தரால ஆவாது தம்பி. இருங்க, நான் அந்தப் பக்கம் புடிக்கிறேன்.”